விடிய விடிய நடக்கும் கூத்துக்கு நேரக்குறி இடுவது எப்படி: ஒலி, ஒளிப் பதிவுகளை ஒன்றோடு ஒன்று பொருத்த முழு வழிகாட்டி

தெருக்கூத்து இரவு பத்து மணி வாக்கில் தொடங்கினால் விடிந்துதான் முடியும். இரண்டு கேமரா, ஒரு ஒலி ரெக்கார்டர், கூடவே ஒரு போன் என்று பதிவு செய்தால், மறுநாள் காலை இருபது மணி நேரத்துக்கும் மேற்பட்ட கோப்புகள் கையில் இருக்கும். கர்ணன் வேடக்காரர் திரைக்குப் பின்னால் நின்று விருத்தம் பாடிய இடம் எந்தக் கோப்பில், எத்தனையாவது நிமிடத்தில் இருக்கிறது? அதே நேரத்தில் இன்னொரு கேமரா யாரைப் பார்த்துக்கொண்டிருந்தது? இதற்குப் பதில் சொல்ல முடியாத பதிவு, இருந்தும் இல்லாத மாதிரிதான். யாரும் ஏழு மணி நேரத்தை மறுபடி உட்கார்ந்து பார்க்கப் போவதில்லை.

பல ஊர்களில் வயதான கூத்து வாத்தியார்களின் பாட்டும் அடவும் இப்படித்தான் ஹார்டு டிஸ்க்குகளுக்குள் கிடக்கின்றன. எடுத்தவருக்கே இப்போது எது எங்கே என்று தெரியாது. எது எந்த நேரத்தில் இருக்கிறது என்று குறித்து வைக்கும் நேரக்குறி என்பது எடிட்டிங் மேஜையில் வந்து செய்யும் வேலை என்று நினைப்பதுதான் இதற்குக் காரணம். உண்மையில் பாதி வேலை கூத்து தொடங்கும் முன்பே களத்தில் முடிந்துவிட வேண்டும். கூத்தை உதாரணமாக வைத்து எழுதுகிறேன். கச்சேரி, பட்டிமன்றம், பெரியவர்களிடம் எடுக்கும் நீண்ட நேர்காணல் எதற்கும் இதே முறை பொருந்தும்.

எந்த நேரத்தைச் சொல்கிறோம்?

ஒரே நிகழ்வுக்கு நான்கு விதமான நேரம் உண்டு. இவற்றைக் குழப்பிக்கொள்வதில்தான் பெரும்பாலான தொல்லை தொடங்குகிறது.

முதலாவது, சுவர்க் கடிகார நேரம். "ஒன்று இருபதுக்கு மழை தூறியது" என்று நோட்டில் எழுதுவது இது. இரண்டாவது, கோப்பு ஓடிய நேரம். பிளேயரின் கீழே தெரியும் 00:47:12 இதுதான். கோப்பு மாறினால் இது மறுபடி பூஜ்யத்துக்குப் போய்விடும். மூன்றாவது டைம்கோடு. மணி, நிமிடம், விநாடி, ஃபிரேம் என்று நான்கு பகுதியாக, கேமரா ஒவ்வொரு ஃபிரேமுக்கும், அதாவது வீடியோவின் ஒவ்வொரு தனிப் படத்துக்கும், ஒட்டும் முகவரி. நான்காவது, ஒலிக்கோப்பின் சாம்பிள் எண்ணிக்கை. ஒலியை அளந்து எழுதும் ஒவ்வொரு புள்ளியும் ஒரு சாம்பிள். 48,000 ஹெர்ட்ஸில் பதிந்தால் ஒரு விநாடிக்கு 48,000 சாம்பிள். இருப்பதிலேயே துல்லியமான அளவு இதுதான்.

நல்ல கள ரெக்கார்டர்கள் பிராட்காஸ்ட் வேவ் என்ற வகைக் கோப்பாக எழுதும். ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் வகுத்த வடிவம் அது. நள்ளிரவிலிருந்து எத்தனையாவது சாம்பிளில் பதிவு தொடங்கியது என்ற எண் கோப்பின் தலைப்பகுதியிலேயே இருக்கும். இரவு 21:50க்குப் பதிவைத் தொடங்கினால் அந்த எண் 377 கோடியே 28 லட்சம். எடிட்டிங் மென்பொருள் இதைப் படித்துத்தான் ஒலியைச் சரியான இடத்தில் வைக்கிறது.

கூத்துக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. நள்ளிரவு தாண்டும்போது டைம்கோடும் சாம்பிள் எண்ணும் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். 23:59:59:24க்கு அடுத்தது 00:00:00:00. டைம்கோடை வைத்து வரிசைப்படுத்தச் சொன்னால் மென்பொருள் விடியற்காலைக் காட்சியை முதலிலும், கூத்தின் தொடக்க இசையான களரி கட்டுவதைக் கடைசியிலும் கொண்டுபோய் வைக்கும். அதனால் கடிகார நேரத்தை அப்படியே நேரக்குறியாகப் பயன்படுத்தாதீர்கள். முதன்மை ஒலிப்பதிவின் முதல் சாம்பிளை 00:00:00.000 என்று வைத்து, அங்கிருந்து விடியும்வரை ஒரே கோடாக எண்ணுங்கள். 21:50க்குத் தொடங்கியிருந்தால், ஒன்று இருபதுக்குத் தூறிய மழை 03:30:00. இந்தக் கட்டுரையில் "முதன்மை நேரம்" என்று சொல்வதெல்லாம் இந்தக் கணக்குதான்.

கிளம்பும் முன் வீட்டில் செய்ய வேண்டியவை

எல்லாக் கருவிகளின் தேதியையும் நேரத்தையும் போனைப் பார்த்து ஒரே சமயத்தில் சரி செய்யுங்கள். பேட்டரியைக் கழற்றி ரொம்ப நாள் வைத்திருந்த கேமராவில் தேதி பல வருஷம் பின்னால் போயிருக்கும். அதைக் கவனிக்காமல் எடுத்தால் பின்னால் கோப்புகளை வரிசைப்படுத்துவதே தனி வேலையாகிவிடும்.

ஒலி எல்லாவற்றிலும் 48,000 ஹெர்ட்ஸ். வீடியோ எல்லாவற்றிலும் 25 ஃபிரேம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பழைய தொலைக்காட்சி முறையும் 25 ஃபிரேம் என்பதால் இதுவே இயல்பானது. ஷட்டரை 1/50ல் வைத்தால் டியூப்லைட் வெளிச்சமும் பெரும்பாலும் துடிக்காது. ஒரு கேமராவை மட்டும் மறந்து 29.97ல் விட்டுவிடாதீர்கள். 1953ல் அமெரிக்காவில் வண்ணத் தொலைக்காட்சி வந்தபோது, 30 ஃபிரேமைச் சற்றுக் குறைத்ததால் பிறந்த எண் அது. அந்த வேகத்தில் ஃபிரேம்களை முழு முப்பதாக எண்ணினால் ஒரு மணி நேரத்தில் டைம்கோடு நிஜ நேரத்தைவிட 3.6 விநாடி பின்தங்கிவிடும். அதைச் சரிக்கட்ட, பத்தாவது நிமிடங்களைத் தவிர மற்ற ஒவ்வொரு நிமிடத்தின் தொடக்கத்திலும் இரண்டு ஃபிரேம் எண்களைத் தாண்டிப் போகும் முறை ஒன்று உண்டு. படம் எதுவும் தொலையாது, எண் மட்டும்தான் தாண்டும். 25லேயே எடுத்தால் இந்தத் தலைவலி நமக்கு இல்லை.

போனில் எடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. போனின் சொந்தக் கேமரா செயலிகள் பலவும் ஃபிரேம் வேகத்தை வெளிச்சத்துக்கு ஏற்ப மாற்றிக்கொண்டே இருக்கும். இருட்டில் 30 என்பது 24 ஆகும், திரும்ப ஏறும். அந்தக் கோப்பை எடிட்டிங் மென்பொருளில் போட்டால் தொடக்கத்தில் உதடு பொருந்தும், போகப் போக விலகும். வேகத்தைப் பூட்டி வைக்கும் கேமரா செயலியைப் பயன்படுத்துங்கள். ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது என்றால், ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் நிலையான ஃபிரேம் வேகம் என்ற தேர்வை வைத்து மாற்றிவிட்டு, அதன் பிறகு வேலையைத் தொடங்குங்கள்.

மெமரி கார்டின் கணக்கையும் போட்டுக்கொள்ளுங்கள். 48,000 ஹெர்ட்ஸ், 24 பிட், நான்கு டிராக் என்றால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 2.1 ஜிபி. ஏழு மணி நேரத்துக்குப் பதினைந்து ஜிபி வரும். சாதாரண வேவ் கோப்பு 4 ஜிபிக்கு மேல் போகாது என்பதால் ரெக்கார்டர் நடுவில் தானே அடுத்த கோப்பைத் தொடங்கும். நல்ல ரெக்கார்டரில் இந்த மாற்றத்தில் ஒரு சாம்பிள்கூட விடுபடாது. உங்கள் ரெக்கார்டர் அப்படித்தானா என்பதை வீட்டிலேயே ஒரு சினிமாப் பாட்டை ஓடவிட்டுச் சோதித்துவிடுங்கள்.

களத்தில்: ஒரு கைதட்டு, ஒரு நோட்டு

எது முதன்மைக் கடிகாரம் என்று முதலில் முடிவு செய்யுங்கள். என் பரிந்துரை, ஒலி ரெக்கார்டர்தான். கேமராவை நிறுத்துவோம், பேட்டரி மாற்றுவோம், இடம் மாறுவோம். சில கேமராக்கள் 29 நிமிடம் 59 விநாடியோடு தாமாகவே நின்றுவிடும். ரெக்கார்டரைப் பவர் பேங்கில் மாட்டிவிட்டால் களரி கட்டுவதிலிருந்து மங்களம் வரை ஒரே ஓட்டமாக ஓடும். நிற்காமல் ஓடுவது எதுவோ அதுவே முதன்மை.

நான்கு டிராக் இருந்தால், இரண்டை ரெக்கார்டரின் சொந்த மைக்குக்கு விடுங்கள். மற்ற இரண்டில் மைக்செட்காரரிடம் கேட்டு மிக்ஸரிலிருந்து ஒரு லைன் வாங்கிக்கொள்ளுங்கள். மிக்ஸர் லைனில் பாட்டும் வசனமும் தெளிவாக வரும். ஆனால் சலங்கைச் சத்தம், திரை அசையும்போது எழும் ஆரவாரம், கூத்தை அறிவித்து நடத்தும் கோமாளியான கட்டியங்காரன் சொன்னதற்கு முன்வரிசைப் பாட்டி சொல்லும் எதிர்ப்பேச்சு எல்லாம் ரெக்கார்டரின் சொந்த மைக்கில்தான் கிடைக்கும். கூத்தில் அவையும் பதிவாக வேண்டும்.

களரி கட்டும் முன், எல்லாக் கருவிகளும் ஓடத் தொடங்கியதும், தட்டு. சினிமா கிளாப் பலகை வேண்டாம், கை போதும். அதை முறையாகச் செய்ய வேண்டும், அவ்வளவுதான். ரெக்கார்டர் மைக்குக்குப் பக்கத்தில் நின்று, இரண்டு கேமராவுக்கும் கை தெரிகிறதா என்று பாருங்கள். ஊர், தேதி, நேரம் மூன்றையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். கைகளை முகத்துக்கு நேரே அகல விரித்து, ஒரே ஒரு முறை ஓங்கித் தட்டுங்கள். தட்டிய கைகளை ஒரு விநாடி அப்படியே சேர்த்து வைத்திருங்கள். இரண்டு மூன்று தட்டினால் எந்தத் தட்டு எது என்று பின்னால் குழம்பும். மென்பொருள் வரைந்து காட்டும் ஒலி அலையில் இந்தத் தட்டு ஊசி போல் நிற்கும். வீடியோவில் கைகள் முதலில் சேரும் ஃபிரேம்தான் அதற்கு இணை.

தொடக்கத்தில் தட்டுபவர்கள் பலரும் முடிவில் தட்டுவதில்லை. மங்களம் பாடியதும் களைப்பில் கருவிகளை அணைத்துவிடுகிறார்கள். முடிவுத் தட்டு இல்லாவிட்டால் கடிகாரங்கள் இரவு முழுக்க எவ்வளவு விலகின என்பதைக் கணக்கிட நம்பகமான புள்ளி இருக்காது. கைவிடக் கூடாத பழக்கம் ஒன்றே ஒன்று சொல்லுங்கள் என்றால் இதைத்தான் சொல்வேன்.

நடுவில் கேமராவை நிறுத்தித் தொடங்கும்போது ஆட்டத்தின் குறுக்கே போய்க் கை தட்ட முடியாது. அங்கே மத்தளம் உதவும். வேடம் உள்ளே வரும்போது விழும் ஓங்கிய அடியோ, ஜால்ராவின் தனித்த ஒரு தட்டோ அலையில் கூர்மையாகத் தெரியும். முகவீணையையும் ஹார்மோனியத்தையும் நம்பாதீர்கள். தொடர்ந்து இழையும் ஒலியில் பொருத்தும் புள்ளி சிக்காது.

கேமராவில் டைம்கோடு அமைப்பு இருந்தால், பதியாத நேரத்திலும் நிற்காமல் ஓடும் முறையைத் தேர்ந்தெடுங்கள். பதியும்போது மட்டும் ஓடும் முறையில் வைத்தால் இடைவெளிகள் மறைந்துபோகும். வசதி உள்ளவர்கள் ஒவ்வொரு கருவியிலும் மாட்டும் சின்ன டைம்கோடு பெட்டிகளை வாங்கலாம். நான்கு கேமராவுக்கு மேல் போனால் அந்தச் செலவு நியாயம். இரண்டு கேமராவுக்குத் தட்டு போதும்.

அப்புறம் நோட்டு. ஒருவர் உட்கார்ந்து நேரம், என்ன நடந்தது என்று இரண்டே நெடுவரிசையில் எழுதிக்கொண்டே வர வேண்டும். "23:12, கட்டியங்காரன் வருகை." "00:40, ஜெனரேட்டர் நின்றது, நான்கு நிமிடம் இருட்டு, பாட்டு நிற்கவில்லை." "02:05, கேமரா 2 பேட்டரி மாற்றம்." நிமிடக் கணக்கு போதும். யார் எந்த வேடம், பின்பாட்டு யார், எந்த வாத்தியம் யார் கையில் என்பதையும் அங்கேயே கேட்டு எழுதிவிடுங்கள். மறுநாள் ஜமா, அதாவது கூத்துக் குழு, அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடும்.

காலையில்: நகல் எடுப்பது

தூங்கப் போகும் முன் இரண்டு டிஸ்க்கில் நகல் எடுங்கள். கார்டை அதன் பிறகுதான் அழிக்க வேண்டும். கோப்பின் பெயரில் தேதி, கருவி, வரிசை எண் மூன்றும் இருக்கட்டும். கருவி கொடுத்த மூலப் பெயரை அழிக்காமல் கடைசியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கோப்பின் தேதியில் ஒரு பொறி இருக்கிறது. கணினி காட்டும் "உருவாக்கிய நேரம்" பல சமயம் நகல் எடுத்த நேரமாக இருக்கும். "மாற்றிய நேரம்" பெரும்பாலும் பதிவு முடிந்த நேரம், தொடங்கிய நேரம் அல்ல. போன் வீடியோக்களுக்குள் எழுதப்படும் நேரம் உலகப் பொது நேரமாக இருந்தால் நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணி பின்தங்கி நிற்கும். மீடியாஇன்ஃபோ என்ற இலவசக் கருவி இவை எல்லாவற்றையும் காட்டும். எதையும் அப்படியே நம்பாமல் தட்டோடும் நோட்டோடும் ஒப்பிடுங்கள்.

பொருத்துவது

டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பில் கோப்புகளைத் தேர்ந்தெடுத்து, ஒலி அலையை வைத்துத் தானாகப் பொருத்தச் சொல்லலாம். கேடென்லைவ் என்ற எடிட்டிங் மென்பொருளிலும் ஒரு டிராக்கை ஆதாரமாக வைத்து மற்றவற்றை நேர்ப்படுத்தும் வசதி உண்டு. இரண்டும் கேமராவின் சொந்த மைக் ஒலியை ரெக்கார்டர் ஒலியோடு ஒப்பிட்டே இடத்தைக் கண்டுபிடிக்கின்றன. அதனால் தரம் மோசம் என்று கேமரா மைக்கை அணைத்து வைத்துவிடாதீர்கள்.

தானாகப் பொருத்தியதை அப்படியே ஏற்றுக்கொள்ளவும் வேண்டாம். கூத்தில் ஒரே தாளம், ஒரே மெட்டு திரும்பத் திரும்ப வரும். மென்பொருள் ஒரு ஆவர்த்தனம், அதாவது ஒரு தாளச் சுற்று, தள்ளிப் பொருத்திவிட வாய்ப்பு இருக்கிறது. ஒவ்வொரு துண்டிலும் ஒரு வசனத்தின் உதட்டைப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

அடுத்து, தூரம். ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். கூட்டத்துக்குப் பின்னால் 20 மீட்டர் தள்ளி நிற்கும் கேமராவின் மைக்கில் சத்தம் சுமார் 59 மில்லி விநாடி தாமதமாக விழும். ஒரு ஃபிரேம் 40 மில்லி விநாடி என்றால் இது ஒன்றரை ஃபிரேம். மென்பொருள் அலையோடு அலையைப் பொருத்தும்போது இந்தத் தாமதத்தையும் சேர்த்தே பொருத்துகிறது. படம் அந்த அளவு முந்திப் போகிறது, அதாவது உதடு முதலில் அசைந்து குரல் பின்னால் வருவது போன்ற கோணல். எனவே பின்வரிசைக் கேமராவின் படத்தை ஒன்றிரண்டு ஃபிரேம் பின்னால் தள்ளி, கை சேரும் ஃபிரேமையும் ரெக்கார்டரின் ஊசியையும் கண்ணால் நேர்ப்படுத்துங்கள். தெருவின் மறுகோடியில் கட்டிய குழாய் ஸ்பீக்கரிலிருந்தும் அதே சத்தம் இன்னொரு முறை வந்து விழும். அலையில் முதலில் எழும் ஊசிதான் நிஜம், பின்னால் வருவது அதன் எதிரொலி.

எவ்வளவு கோணல் வரை மனிதருக்குத் தெரியாது? சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஒளிபரப்புப் பரிந்துரைப்படி, ஒலி படத்துக்கு முன்னால் 45 மில்லி விநாடி போனாலே கவனிக்கத் தொடங்குகிறோம். பின்னால் 125 மில்லி விநாடி வரை தெரிவதில்லை. தூரத்தில் மரம் வெட்டுபவரைப் பார்க்கும்போதும் சத்தம் பிந்தித்தானே வரும், அதற்குக் கண்ணும் காதும் பழகியிருக்கின்றன. முந்தி வருவதற்குப் பழக்கம் இல்லை. சந்தேகம் வந்தால் ஒலியைப் பிந்தும் பக்கம் விடுங்கள்.

இப்போது கடிகார விலகல். ஒவ்வொரு கருவியிலும் ஒரு குவார்ட்ஸ் படிகம்தான் நேரம் காட்டுகிறது. இரண்டு படிகங்கள் ஒன்றாக ஓடுவதில்லை. ஒரு கணக்கைப் பாருங்கள். தொடக்கத் தட்டு முதன்மை நேரத்தில் 00:12:00.000, முடிவுத் தட்டு 07:12:00.000. இடைவெளி 25,200 விநாடி. கேமராவின் கணக்கில் அதே இரண்டு தட்டுக்கும் நடுவே 25,199.244 விநாடிதான். வித்தியாசம் 0.756 விநாடி, கிட்டத்தட்ட 19 ஃபிரேம். பத்து லட்சத்தில் 30 பங்கு என்ற இந்த அளவு விலகல் சாதாரணக் கருவிகளில் சகஜம். தொடக்கத்தில் மட்டும் பொருத்திவிட்டு விட்டால், விடியற்காலைக் காட்சியில் வாயசைவும் பாட்டும் வேறு வேறாக நிற்கும்.

தீர்வு இரண்டு. 25,200ஐ 25,199.244ஆல் வகுத்தால் 1.00003. கேமரா கோப்பின் காலத்தை அந்த அளவுக்கு நீட்டலாம். அதைவிட நல்லது, வீடியோவை நீட்டாமல் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகப் பொருத்துவது. அரை மணி நேரத் துண்டில் இதே விலகல் 54 மில்லி விநாடி, ஒரு ஃபிரேமைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். நீளமான துண்டு என்றால் காட்சி வெட்டும் இடத்தில் ஒரு ஃபிரேம் நகர்த்துங்கள், யாருக்கும் தெரியாது. முதன்மை ஒலியை மட்டும் எக்காரணம் கொண்டும் நீட்டவோ சுருக்கவோ கூடாது. எல்லா நேரக்குறியும் அதன் மேல்தான் நிற்கப் போகின்றன. இன்னொன்று, வெப்பநிலை மாறினால் படிகத்தின் வேகமும் மாறும். மாலைப் புழுக்கத்துக்கும் விடியற்காலைப் பனிக்கும் நடுவே விலகல் ஒரே சீராக இருக்காது. அதனால் நடுச்சாமத்திலும் ஒரு மத்தள அடியை எடுத்துச் சரிபாருங்கள்.

குறி இடுவது

முதன்மை ஒலியை ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் மென்பொருளில் திறங்கள். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே கன்ட்ரோல், எம் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் அந்த இடத்தில் ஒரு குறி விழும். ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல், பி (B) அழுத்தினால் தொடக்கமும் முடிவும் உள்ள குறி. முடிந்ததும் குறிகளை ஏற்றுமதி செய்தால் ஒரு எளிய உரைக்கோப்பு கிடைக்கும். ஒரு வரியில் தொடக்க விநாடி, முடிவு விநாடி, நீங்கள் எழுதிய பெயர் மூன்றும் இருக்கும். இதை எந்த விரிதாளிலும் திறக்கலாம்.

மூன்று சுற்றாகச் செய்யுங்கள். முதல் சுற்றில் நோட்டை வைத்துக்கொண்டு பெரிய பகுதிகள்: களரி கட்டு, கட்டியங்காரன் வருகை, ஒவ்வொரு வேடத்தின் திரைப் பிரவேசம், தர்க்கம், சண்டை, மங்களம். அரை நாள் வேலை. இதோடு நிறுத்தினாலும் பதிவு உயிர் பெற்றுவிடும். இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு பாட்டும் விருத்தமும் வசனப் பகுதியும். மூன்றாவது, வரிக்கு வரி. இது முழு இரவுக்கும் தேவையில்லை. தேர்ந்தெடுத்த பகுதிகளுக்குச் செய்தால் போதும்.

குறி எங்கே விழ வேண்டும் என்பதிலும் ஒரு ஒழுங்கு வேண்டும். பாட்டின் முதல் சொல்லிலா, அதற்கு முன் ஹார்மோனியம் சுருதி கொடுக்கும் இடத்திலா? சுருதி எழும் இடத்தில் வையுங்கள் என்பேன். கேட்பவர் பாட்டின் நடுவே போய் விழ மாட்டார். வசனத்துக்கு முதல் எழுத்துக்குக் கால் விநாடி முன்னால். எதைத் தேர்ந்தெடுத்தாலும் கடைசிவரை மாற்றாதீர்கள். ஓடும்போது அழுத்திய குறி எப்போதும் கொஞ்சம் பிந்தி விழும், கை எதிர்வினை அப்படி. ஓட்டத்தில் போட்டுவிட்டு, பிறகு அலையைப் பார்த்து இழுத்துச் சரி செய்யுங்கள். இந்த வேலைக்கு வயர் உள்ள ஹெட்போன்தான். புளூடூத் ஹெட்போனில் சத்தம் நூறு இருநூறு மில்லி விநாடி பிந்தி வரலாம்.

வரிக்கு வரி எழுதுவதற்கு ஈலான் சிறந்தது. நெதர்லாந்தின் நைமேகனில் உள்ள மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனம் உருவாக்கிய இலவச மென்பொருள். கட்டியங்காரனுக்கு ஒரு அடுக்கு, வேடக்காரருக்கு ஒன்று, பின்பாட்டுக்கு ஒன்று, வாத்தியத்துக்கு ஒன்று, பார்வையாளர் சிரிப்புக்கு ஒன்று என்று அடுக்குகள் வைத்துக்கொள்ளலாம். வேடக்காரர் பாடி முடிக்கும் முன்பே பின்பாட்டு அந்த அடியை வாங்கிக்கொள்ளும். இரண்டும் ஒரே நேரத்தில் ஓடுவதைச் சாதாரண சப்டைட்டில் மென்பொருளில் எழுதுவது கஷ்டம், ஈலானில் எளிது. பல வீடியோக்களை ஒரே திட்டத்தில் சேர்த்து அவற்றின் நேர வித்தியாசத்தையும் அதிலேயே பதிந்துகொள்ளலாம்.

சப்டைட்டில் கோப்பு

ஈலானிலிருந்து நேரடியாக எஸ்ஆர்டி கோப்பாக எடுக்கலாம். அதன் அமைப்பு இவ்வளவுதான்:

1
02:15:02,400 --> 02:15:06,100
யார் சுவாமி நீங்கள்? இந்த நேரத்தில் வாசலில் வந்து நிற்கிறீர்கள்?

வரிசை எண், நேரம், உரை, பிறகு ஒரு வெற்று வரி. எஸ்ஆர்டியில் மில்லி விநாடிக்கு முன் காற்புள்ளி வரும். இணையப் பக்கங்களுக்கான வெப்விடிடியில் அதே இடத்தில் முற்றுப்புள்ளி வரும், முதல் வரியில் அந்த வடிவத்தின் பெயரும் இருக்க வேண்டும். ஒரு புள்ளி மாறினால்கூட வரி தெரியாது. கோப்பை யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டில் சேமிக்காவிட்டால் தமிழ் கேள்விக்குறிகளாகத் தெரியும்.

தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஒரு திரையில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். வசனம் வேகமாக ஓடினாலும் ஒரு வரி ஒன்றரை விநாடியாவது நிற்கட்டும். சீர் முடியும் இடத்தில் உடையுங்கள், சொல்லின் நடுவே உடைக்காதீர்கள்.

வெட்டிய பிறகு நேரக்குறி என்ன ஆகும் என்பதுதான் பலரும் தடுமாறும் இடம். ஏழு மணி நேரத்திலிருந்து நாற்பது நிமிடத் தொகுப்பு செய்தால் எல்லாக் குறிகளும் இடம் மாறும். அதற்காகக் குறிகளைத் திருத்தி எழுதாதீர்கள். முதன்மைக் குறிகள் அப்படியே இருக்கட்டும். எந்தத் துண்டு எங்கிருந்து எடுத்து எங்கே வைக்கப்பட்டது என்று ஒரு பட்டியல் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எடிட்டிங் மென்பொருளே இதை இடிஎல் என்ற கோப்பாகத் தரும். முதன்மையில் 02:14:30.000ல் தொடங்கும் துண்டைத் தொகுப்பில் 00:03:10.000ல் வைத்தால், முதன்மையின் 02:15:02.400 குறி துண்டின் தொடக்கத்திலிருந்து 32.4 விநாடி தள்ளி. எனவே தொகுப்பில் 00:03:42.400. விரிதாளில் ஒரு கழித்தல், ஒரு கூட்டல். நாளைக்கு வேறொருவர் வேறு தொகுப்பு செய்தாலும் அதே முதன்மைக் குறிகள் கை கொடுக்கும். ஒரே துண்டாக நகர்த்தினால் போதும் என்றால் சப்டைட்டில் எடிட் அல்லது ஏஜிசப் என்ற சப்டைட்டில் மென்பொருளில் எல்லா நேரத்தையும் ஒரே அடியாகத் தள்ளலாம்.

ஓடவிடுவது

யூடியூபில் ஏற்றினால், விளக்கப் பகுதியில் நேரத்தையும் தலைப்பையும் வரிசையாக எழுதினாலே அத்தியாயங்களாகப் பிரியும். முதல் வரி 00:00 ஆக இருக்க வேண்டும், குறைந்தது மூன்று இருக்க வேண்டும், ஒவ்வொன்றும் பத்து விநாடிக்குக் குறையக் கூடாது, நேரம் ஏறுவரிசையில் வர வேண்டும். ஒன்று தவறினாலும் பிரியாது. ஏற்றும் முன் ஜமாவின் வாத்தியாரிடம் அனுமதி கேளுங்கள். கலைஞர்களின் பெயரை முதல் வரியிலேயே போடுங்கள்.

சொந்தத் தளத்தில் பாட்டு ஓட ஓட வரி ஒளிர வேண்டும் என்றால் இரண்டு விஷயம். உலாவி "நேரம் மாறியது" என்று சொல்லும் அறிவிப்பு விநாடிக்கு நான்கே முறைகூட வரலாம். அதை மட்டும் நம்பினால் வரி கால் விநாடி பிந்தி ஒளிரும். வெப்விடிடி கோப்பின் வரிகளோடு வரும் தொடக்க, முடிவு அறிவிப்புகளைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். இரண்டாவது, எம்பி3. அந்த வடிவத்துக்கு மாற்றும்போது தொடக்கத்தில் சுமார் 25 மில்லி விநாடி வெற்று ஒலி சேரலாம். பிட் அளவு, அதாவது ஒரு விநாடி ஒலிக்கு ஆகும் தரவின் அளவு, மாறிக்கொண்டே போகும் வகையில் நீண்ட கோப்பை ஆக்கினால் நடுவே தாவும்போது சில விநாடிகள்கூடத் தவறான இடத்தில் விழும். நிலையான பிட் அளவில் ஆக்குங்கள். ஏழு மணி நேரத்தை ஒரே கோப்பாக விடாமல், பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றின் தொடக்க நேரத்தையும் முதன்மை நேரத்தில் குறித்துவிடுங்கள்.

வெளியிடும் முன் தொடக்கம், நள்ளிரவு தாண்டிய ஒரு இடம், கடைசிப் பத்து நிமிடம் ஆகிய மூன்றையும் வேறொரு கணினியிலும் ஒரு போனிலும் ஓட்டிப் பாருங்கள். நள்ளிரவுக் கணக்குப் பிழையும் கடிகார விலகலும் இந்த மூன்றில் ஒன்றில் கட்டாயம் வெளிப்படும்.

எதை எதைச் சேர்த்து வைப்பது

ஒரே கோப்புறையில் மூலக் கோப்புகள் எதையும் வெட்டாமல், குறிகளின் உரைக்கோப்பு, ஈலான் கோப்பு, ஒவ்வொரு கேமராவும் முதன்மையிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்ற பட்டியல், நோட்டின் படங்கள். முதன்மை நேரத்தின் பூஜ்யம் எது, எந்தத் தட்டு எந்த நேரத்தில், ஃபிரேம் வேகம் என்ன என்று அரைப் பக்கம் தமிழில் எழுதி வையுங்கள். மென்பொருள்கள் மாறிவிடும், விநாடியும் பெயரும் உள்ள உரைக்கோப்பை எந்தக் கணினியும் திறக்கும்.

ஜமாவுக்கு ஒரு பென் டிரைவும், பகுதிகளின் நேரக்குறிகளை அச்சிட்ட ஒரு தாளும் கொடுங்கள். வாத்தியார் புதுப் பையனுக்கு ஒரு திரை விருத்தத்தைக் கற்றுக்கொடுக்கும்போது, தாளைப் பார்த்து நேராக அந்த இடத்துக்குப் போட்டுக் காட்டுவார். தாளில் வேடத்தின் பெயர் பெரிய எழுத்தில், நேரம் அதற்குப் பக்கத்தில் இருக்கட்டும்.